இரண்டு இரவுகளில் ஓர் இசைத்தட்டு

இலண்டன் மாநகரின் செல்சிப் பகுதியில் ஓல்ட் சேர்ச் வீதி என்றொரு வீதி உண்டு. அவ்வீதியில், முன்னொரு காலத்திற் பால் வியாபாரம் நடைபெற்ற கட்டடமொன்றில், 'சவுண்ட் ரெக்னிக்ஸ்' என்னும் ஒலிப்பதிவுக் கூடம் 1960களில் அமைக்கப்பட்டது. பால் விற்ற காலத்தின் அடையாளமாகப் பசுவின் தலையுருவம் கட்டட முகப்பில் அப்படியே விடப்பட்டிருந்தது. 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், பகற்பொழுதின் ஒலிப்பதிவுகள் யாவும் முடிந்து இசைவாணர் வீடு சென்ற பின்னர், நள்ளிரவை அண்டிய வேளையில் உயரமான ஓர் இளைஞர் கித்தார் ஒன்றுடன் அக்கூடத்தினுள் நுழைந்தார். அவரை எதிர்பார்த்து அங்கிருந்தவர் ஜோன் வூட் என்னும் ஒலிப்பதிவாளர் ஒருவரே. வாத்தியக் குழு இல்லை, வயலின்காரர் இல்லை, நெறிப்படுத்துவோர் இல்லை. அவ்விரவும் மற்றோர் இரவும் சேர்ந்து, பதினொரு பாடல்கள் கொண்ட ஒரு நெடுநேர இசைத்தட்டு முடிந்துவிட்டது.

அவ்விளைஞரின் பெயர் நிக் டிறேக். வயது அப்பொழுது 23. தட்டின் பெயர் 'பிங்க் மூன்'. இளஞ்சிவப்பு நிலவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இரு பக்கமும் சேர்ந்து ஒலிக்கும் நேரம் ஏறத்தாழ 28 நிமிடம். ஒரு குரல், ஒரு கித்தார். முதற்பாட்டில் மாத்திரம் ஓரிடத்தில் அவரே வாசித்த பியானோவின் சில சுரங்கள் வந்து மறைகின்றன. பாடலாசிரியர் ஒருவர் தம் பாட்டுக்களை இத்துணை எளிமையாகப் பதிந்தது ஏன், அந்த எளிமை எதனால் ஆயது என்பனவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதைக் கேட்கவேண்டியதற்கு ஒரு காரணமும் உண்டு. உள்ளம் உடைந்துபோன ஒருவர் வேறெதுவும் இயலாமற் செய்த வேலை இது என்று பலர் எழுதியிருக்கின்றனர். நான் அதனை ஒப்புவதில்லை.

முதலில் மனிதரைப் பார்ப்போம். நிக் டிறேக் 1948ஆம் ஆண்டு யூன் மாதம் 19ஆந் தேதி பர்மாவிலே, இரங்கூன் நகரிற் பிறந்தவர். தந்தை றொட்னி டிறேக் அங்கு பம்பாய் பர்மா வர்த்தகக் கூட்டுத்தாபனத்திற் பொறியியலாளராகக் கடமையாற்றியவர். குழந்தைக்கு மூன்று நான்கு வயதாயிருக்கையிற் குடும்பம் இங்கிலாந்து திரும்பி, வோறிக்சயரில் ரன்வேர்த்-இன்-ஆடன் என்னும் சிற்றூரிற் குடியமர்ந்தது. தாய் மொலி டிறேக் பியானோ வாசிப்பவர். தாமே பாட்டெழுதி, வீட்டாருக்கும் நண்பருக்கும் மாத்திரம் பாடிக் காட்டுபவர். மகனுக்கு முதலிற் பியானோவைத் தொடக்கிவைத்தவரும் அவரே. மூத்த சகோதரி காபிரியல் நாடக நடிகையானார். மாள்பரோப் பாடசாலையிற் படித்து, கேம்பிறிட்ஜிலே பிற்ஸ்வில்லியம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலச் சென்ற நிக், பட்டம் பெறுமுன்னரே 1969இல் இசைக்காகக் கல்வியை விட்டு விலகினார்.

அக்காலத்து இசைச் சூழலையும் சிறிது சொல்லவேண்டும். நாட்டுப் பாடல் வழிவந்த பாடகர் ஒரு கித்தாருடன் தனியே நின்று பாடுவது புதுமையன்று. அதுவே பழைய வழக்கம். அமெரிக்காவிற் பொப் டிலன் தமது முதலாவது தட்டை 1961 நவம்பரிற் பதிவுசெய்தபோது குரல், கித்தார், வாய்வழி ஊதும் ஹார்மோனிக்கா ஆகியவற்றுக்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை. ஆனால் 1965இல் அதே டிலன் நியூபோர்ட் விழாவில் மின்கித்தாரும் வாத்தியக் குழுவுமாக மேடையேறினார். இங்கிலாந்திலே பெயார்போர்ட் கொன்வென்சன் என்னும் குழுவினர் 1969இற் பழைய நாட்டுப் பாடல்களை மின்வாத்தியங்களுடனும் முரசுடனும் பாடித் தட்டாக வெளியிட்டனர். ஆகவே 1970ஐ அண்டிய காலத்திலே தனிக் கித்தார் என்பது சற்றுப் பழையதாகிவிட்ட உடை. அதனை மீண்டும் எடுத்து அணிவதாயின், வேண்டுமென்றே எடுத்து அணியவேண்டும்.

டிறேக்கின் முதலிரு தட்டுக்களும் ஆடையணிகளுடனேயே வெளிவந்தன. பெயார்போர்ட் குழுவைச் சேர்ந்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் இலண்டன் மேடையொன்றில் அவரைக் கண்டு வியந்து, தயாரிப்பாளர் ஜோ பொயிட்டிடம் சொல்லிவைத்தார். பொயிட்டின் முயற்சியால் ஐலண்ட் நிறுவனத்தின் மூலம் 1969இல் 'பைவ் லீவ்ஸ் லெவ்ற்' வெளிவந்தது. புகையிலை சுற்றும் தாள் கட்டிலே 'இன்னும் ஐந்து தாள்களே உள' என எச்சரிக்கும் சீட்டிலிருந்து எடுத்த பெயர் அது. அந்தத் தட்டு உருவாகையில் நிகழ்ந்த ஒன்றை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். பாடல்களுக்கு வயலின் முதலிய வாத்தியங்களின் துணையிசை எழுத, தொழிலிற் பழகிய ஒருவரைப் பொயிட் அமர்த்தினார். எழுதிவந்ததைக் கேட்ட டிறேக், இது வேண்டாம் என்றார். தம்முடன் கேம்பிறிட்ஜிற் படித்த றொபேட் கேர்பி என்னும் மாணவ நண்பரை அழைக்கலாம் என்றார். கேர்பி அதுவரை ஒலிப்பதிவுக்கென ஒன்றும் எழுதியறியாதவர். ஆயினும் அவர் எழுதியவை பொருந்திவிட்டன. வாயெடுத்துப் பேசவே கூசுகின்ற இருபது வயதுப் பிள்ளை, தன் பாட்டுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதில் அத்துணைப் பிடிவாதமாக இருந்திருக்கிறது.

1971இன் முற்பகுதியில் வந்த இரண்டாவது தட்டு 'பிறைற்றர் லேற்றர்'. வானிலை அறிவித்தல்களில், பின்னர் வானம் வெளிக்கும் என்று கூறுவோமல்லவா, அப்பாணியில் அமைந்த பெயர். இதிலே முரசு, மின்கித்தார், சாக்சபோன், ஊதுகுழல்கள், வயலின்கள் எல்லாம் வந்து நிறைந்தன. பெயார்போர்ட் குழுவினர் வாசித்தனர். வெல்சு நாட்டு இசைஞர் ஜோன் கேல் இரு பாடல்களுக்குத் துணைநின்றார். பொயிட்டும் வூட்டும் இதைத் தங்கள் கைவண்ணத்தின் சிகரமாகக் கருதினர். பாடியவருக்கோ அவ்வளவு நிறைவு இல்லை. அலங்காரம் மிகுந்துவிட்டது என்பது அவர் எண்ணம். அடுத்த தட்டிலே தாமும் கித்தாரும் மாத்திரமே என்று அவர் சொன்னதாகப் பொயிட் பிற்காலத்திற் குறிப்பிட்டிருக்கிறார். இது முக்கியமான செய்தி. நோய் முற்றுவதற்கு முன்னரே, வேலையின் குறை நிறைகளை எடை போட்டு எடுத்த தீர்மானம் அது.

இரு தட்டுக்களும் விற்கவில்லை. ஒவ்வொன்றும் ஐயாயிரம் பிரதிகளைத் தானும் எட்டவில்லை என்பர். மேடையில் தோன்றிப் பாடியிருந்தால் விற்றிருக்கலாம். ஆனால் மேடை அவருக்கு உகந்த இடமாக அமையவில்லை. அதற்கு அவருடைய கூச்சம் ஒரு காரணம். மற்றொரு காரணம் கித்தாரின் சுருதியிலேயே இருந்தது. அதைச் சற்று விரித்துச் சொல்வது நலம். தட்டின் தனித்தன்மையும் அதிலேதான் அடங்கியுள்ளது.

கித்தாருக்கு ஆறு தந்திகள். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று மேனாட்டுச் சுரப் பெயர்களால் அவற்றின் வழக்கமான சுருதியைக் குறிப்பர். டிறேக் இவ்வொழுங்கைப் பாட்டுக்குப் பாட்டு மாற்றுவார். 'பிங்க் மூன்' என்னும் பாட்டில் அவர் வைத்துக்கொண்ட ஒழுங்கு சி, ஜி, சி, எஃப், சி, ஈ என்பது. அதாவது, முதலாவது தடித்த தந்தி இரண்டு முழுச் சுரம் கீழே இறங்குகிறது. அடுத்த மூன்றும் ஒவ்வொரு சுரம் இறங்குகின்றன. ஐந்தாவது அரைச் சுரம் ஏறுகிறது. ஆறாவது தந்தி நின்ற இடத்தில் நிற்கிறது. அதன்மேலே தந்திகளின் குறுக்காக ஒரு கவ்வியைப் பொருத்தி, எல்லாவற்றையும் சேர்த்துக் குரலுக்கு ஏற்ற அளவில் உயர்த்திக்கொள்வார்.

இதனால் வரும் பயன் யாது? ஆறு தந்திகளில் மூன்று ஒரே சுரத்தை வெவ்வேறு தானத்தில் ஒலிக்கின்றன. விரலால் அழுத்தாமல் விட்ட தந்திகள் தாமாக அதிர்ந்து, பாட்டின் அடியிலே ஒரு நிலையான ஓசையைப் பரப்புகின்றன. தம்புராவின் சுருதியிலே பழகிய நம் செவிக்கு இது புரிவதில் வருத்தமில்லை. தளர்த்திய தடித்த தந்தி, ஓரளவு பெருவயலின் போன்ற ஆழத்தைத் தருகிறது. வலக்கைப் பெருவிரல் அந்த ஆழத்தைக் காலந் தவறாமல் மீட்டிக்கொண்டிருக்க, மற்றை விரல்கள் மேற்றந்திகளில் வேறொரு கோலம் போடுகின்றன. குரலோ இவ்விரண்டிலும் சேராமல், தாளத்தின் விளிம்புக்குச் சற்றுப் பின்னாலே சாவதானமாக வந்து விழுகிறது. கண்ணை மூடிக் கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிக்க மூன்றாமவர் பாடுவது போலிருக்கும். வயலின்களை நீக்கிய பின்னும் தட்டு வெறுமையாக ஒலிக்காமைக்குக் காரணம் இதுவே.

ஆனால் மேடையில் இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு பாட்டு முடிந்ததும் தந்திகளை வேறு ஒழுங்குக்கு முறுக்கவேண்டும். அது நிமிடக் கணக்கில் இழுபடும். நாவன்மையுள்ள பாடகர் அவ்விடைவேளையில் ஒரு கதை சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்துவிடுவார். டிறேக் தலை குனிந்து தந்தியையே முறுக்கிக்கொண்டிருப்பார். குடிவகை விற்கும் மன்றங்களிலும் கல்லூரி விழாக்களிலும் கூடியிருந்தோர் தம்முட் பேசத் தொடங்கிவிடுவர். 1970ஆம் ஆண்டு ஒரு கல்லூரியிற் பாடிக்கொண்டிருந்தபோது, பாட்டின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார் என்று அன்று உடன் பாடச் சென்ற ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அதன் பின்னர் அவர் மேடைப் பக்கம் போனதில்லை என்றே சொல்லலாம்.

1971இல் அவரைச் சுற்றியிருந்த துணைகளும் கலைந்தன. பொயிட் தமது நிறுவனத்தை விற்றுவிட்டு அமெரிக்கா சென்றார். டிறேக்குக்கோ மனச்சோர்வு மிகுந்து, மருத்துவரை நாடி மருந்து எடுக்கவேண்டிய நிலை. ஐலண்ட் நிறுவனத்தின் தலைவர் கிறிஸ் பிளாக்வெல் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையிலுள்ள தமது வீட்டிற் சில காலம் தங்க இடங்கொடுத்தார். அங்கிருந்து திரும்பியதும் அவர் செய்த முதற் காரியங்களில் ஒன்று, ஜோன் வூட்டுக்குச் செய்தி அனுப்பி, ஒலிப்பதிவு செய்யவேண்டும் என்று கேட்டதாகும். கூடம் பகலில் ஒழிவில்லாதபடியால் இரவு நேரம் குறிக்கப்பட்டது.

இங்கே ஒலிப்பதிவுத் தொழில் பற்றி இரண்டொரு வார்த்தை. அக்காலத்து ஒலிநாடாவின் அகலத்தைப் பல தடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்திலும் ஒவ்வோர் ஓசையைத் தனித்தனியே பதிவது வழக்கமாகியிருந்தது. முரசு ஒரு நாள், வயலின் ஒரு நாள், குரல் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். பிழைத்த இடத்தை மாத்திரம் அழித்து மறுபடி பாடலாம். பின்பு எல்லாவற்றையும் ஏற்றி இறக்கிச் சமன்செய்து ஒன்றாக்கலாம். ஒருவரே கித்தார் மீட்டிக்கொண்டு பாடும்பொழுது இந்த வசதிகளிற் பெரும்பாலானவை பயனற்றுப் போகின்றன. குரலுக்கு வைத்த ஒலிவாங்கியிற் கித்தாரின் ஓசையும், கித்தாருக்கு வைத்ததிற் குரலும் கலந்துவிடும். சொல் ஒன்று தடுமாறினால் அச்சொல்லை மட்டும் திருத்தமுடியாது. பாட்டை முதலிலிருந்து தொடங்கவேண்டும். விரல் தந்திமேல் வழுக்கும் கீச்சொலி கேட்கும். மூச்சு இழுப்பது கேட்கும். கதவடைத்த கலையகத்தில் ஒலிவாங்கிக்கு முன் தனியே அமர்ந்து பழகியவர்களுக்கு இதன் சங்கடம் விளங்கும். துணைக்கு ஒருவர் இருந்தால் இருமலைக் கூட மறைத்துவிடலாம். தனியே இருக்கையில் தாளைப் புரட்டும் சத்தமே இடியாகிவிடும்.

இத்தகைய நிலையிற் பதினொரு பாடல்களை இரண்டே இரவில் முடிப்பதாயின், அவை யாவும் கூடத்துக்கு வருமுன்னரே விரலிலும் நாவிலும் முற்றுப் பெற்றிருந்திருக்க வேண்டும். வூட் சொல்வதும் அவ்வாறே. முதலிரு தட்டுக்களிலும் எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளாத டிறேக், இம்முறை பதிந்தவற்றுள் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டபோது எல்லாவற்றையும் வைக்கும்படி சொல்லிவிட்டாராம். இவற்றுக்கு வாத்தியம் எப்பொழுது சேர்ப்பது என்ற வினாவுக்கும் இடம் வைக்கவில்லை. பியானோச் சுரங்களைத் தவிர எதுவும் பின்னர் சேர்க்கப்படவில்லை. ஒரு குரலையும் ஒரு கித்தாரையும் சமன்செய்ய அதிக நேரமும் செல்லவில்லை.

பதிவு முடிந்த ஒலிநாடாவைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அதை ஒரு பொதியாகக் கொண்டுவந்து நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு, எவருடனும் பேசாமல் டிறேக் போய்விட்டார் என்றும், சில நாட்கள் அது என்னவென்று ஒருவரும் அறியவில்லை என்றும் சொல்வர். இதனை மறுப்போரும் உளர். கதை அழகாக இருக்கிறது என்பதனாலேயே அதைச் சற்று ஐயத்துடன் நோக்கவேண்டும் என்பது என் கருத்து. பாடகர் இறந்த பின் எழும் கதைகள் பெரும்பாலும் அவரை நிழலுருவாக்கிவிடுகின்றன.

தட்டு 1972 பெப்ரவரியில் வெளிவந்தது. மைக்கல் றெவிதிக் என்பார் கனவுக் காட்சி போல வரைந்த ஓவியம் அதன் உறையை அலங்கரித்தது. பாடியவர் பேட்டி கொடுக்கவில்லை, மேடையேறவில்லை. முன்னையவற்றிலும் குறைவாகவே விற்றது. அவ்வாண்டிலேயே டிறேக் சில வாரம் மருத்துவமனையில் இருக்கவேண்டி வந்தது. பின்னர் பெற்றோர் வீட்டிலேயே பெரும்பாலும் காலங் கழித்தார். 1974 நவம்பர் 25ஆந் தேதி காலை அங்கே இறந்து காணப்பட்டார். வயது 26. மனச்சோர்வுக்கென வழங்கிய மருந்து அளவுக்கு மேற்பட்டதே காரணம். தற்கொலையென மரண விசாரணையதிகாரி முடிவுசெய்தார். குடும்பத்தார் அம்முடிவை முழுமனத்துடன் ஏற்கவில்லை.

இம்முடிவு தெரிந்தவர்கள் 'பிங்க் மூன்' தட்டை அவருடைய கடைசிக் கடிதமாகவே வாசிக்கத் தொடங்கினர். ஆடை களைந்த இசை, ஆள் களைத்ததன் அடையாளம் ஆயிற்று. சான்றுகள் அவ்வாறு பேசவில்லை. 1974இல், பொயிட் இலண்டன் வந்திருந்த சமயத்தில், அதே கூடத்தில் டிறேக் மேலும் சில பாடல்களைப் பதிந்தார். அப்பொழுது அவரால் வாசித்துக்கொண்டே பாட முடியவில்லை. கித்தாரை முதலிற் பதிந்து, குரலைத் தனியே சேர்க்க வேண்டியதாயிற்று. உடனிருந்தோர் அதைக் கண்டு கலங்கினர். நோய் ஒருவரின் விரலையும் குரலையும் பிரித்துவிட்டால் எப்படியிருக்கும் என்பதற்கு அந்தப் பதிவு சாட்சி. மூன்றாண்டுக்கு முன் நள்ளிரவிலே பதிந்த தட்டில் விரலும் குரலும் பிரியவில்லை. காலம் ஓரிடத்திலும் தளரவில்லை. துயரம் அதிலே இருக்கிறது, மறுப்பதற்கில்லை. சில பாடல்களைக் கேட்டபின் அறையின் விளக்கை ஏற்றத் தோன்றும். ஆனால் துயரப்படும் ஒருவர் தம் கைத்தொழிலை முழுதாகக் கையிற் பிடித்திருக்கிறார்.

தட்டின் கடைசிப் பாட்டும் இதற்குத் துணை நிற்கிறது. அது விடியலைப் பற்றிய பாட்டு. பதினொன்றிலும் ஒளி மிகுந்தது. அதிலிருந்து ஓரடியை ரன்வேர்த் தேவாலய முற்றத்திலுள்ள அவருடைய கல்லறைக் கல்லிற் பொறித்திருக்கின்றனர்.

பின்னாளில் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1979இல் மூன்று தட்டுக்களும் ஒரு தொகுதியாக மறுபடி வெளிவந்தன. இளம் பாடகர் சிலர் அவற்றைத் தேடிக் கேட்டனர். 1982இல் அமெரிக்கப் பாடகர் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன், நியூ ஜேர்சியில் வாடகை வீடொன்றின் அறையிலிருந்து, நான்கு தடமுள்ள சிறு கசற்றுப் பெட்டியில் தனியே பாடி வைத்தவற்றை, வாத்தியக் குழுவுடன் மறுபடி பதிந்து பார்த்துவிட்டு, அறையில் பாடியதே நன்றென்று அதையே 'நெப்றாஸ்கா' என்ற பெயரில் தட்டாக வெளியிட்டார். அவர் புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் அதை அக்காலத்திலேயே உலகம் கேட்டது. டிறேக்கின் பாட்டை உலகம் கேட்பதற்கு ஒரு மோட்டார் வண்டி விளம்பரம் வேண்டியிருந்தது. 1999இல் வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தார் அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரமொன்றிற் 'பிங்க் மூன்' பாட்டை ஒலிக்கவிட்டனர். பாடியவரின் வாழ்நாள் முழுவதிலும் விற்காத அளவுக்கு அதன் பின் தட்டுக்கள் விற்றன. வண்டி விற்கப் பாட்டைப் பயன்படுத்தலாமா என்று முகஞ்சுளித்தவர்கள் இருந்தனர். நானும் சற்றுச் சுளித்தவனே. எனினும் அவ்வழியாகவன்றி இத்தட்டு என் கைக்கும் எட்டியிராது.

இன்னும் ஒன்று. 1950களில், ரன்வேர்த்து வீட்டில், தந்தை றொட்னி ஓர் ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்தார். மனைவி மொலி பியானோ முன் தனியே அமர்ந்து தாம் எழுதியவற்றைப் பாடும்போது அவர் அதனைப் பதிந்து வைப்பார். வாசிப்பவரும் பாடுபவரும் ஒருவரே, கேட்பவர் வீட்டார். மகன் வளர்ந்தது அந்த ஓசையில். அந்நாடாக்கள் நெடுங்காலம் வீட்டிலேயே கிடந்து, தாயும் தந்தையும் மறைந்த பின்னர், 2013இல் இசைத்தட்டாக வெளியிடப்பட்டன. பழைய நாடாக்களிலிருந்து அக்குரலைத் துலக்கி எடுத்துக் கொடுத்தவர் ஜோன் வூட்.